எத்தனை குஞ்சம்?

பழுப்பேறிய ஒரு போட்டோ. தபால் கார்டு சைஸ். தோட்டம் வரைந்த ஸ்டூடியோ படுதாவுக்கு முன்னால் ஒரு இளைஞன் விறைப்பாக நிற்கிறான். மேலே ராணுவச் சட்டை. கீழே முழங்கால் தெரிகிற மாதிரி கட்டம் போட்ட கில்ட். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் காலி. அதிர்ஷ்டம் இருந்தால் 'அன்புடன் ஜாக்' என்று பென்சிலில் ஒரே ஒரு வரி.

ஸ்காட்லாந்தில் ஏராளமான வீடுகளின் பரணில் இப்படி ஒரு போட்டோ கிடக்கிறது. பாட்டியின் அண்ணனா, தாத்தாவின் சிநேகிதனா? சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருப்பது அந்தப் பையனின் முகமும் அவன் போட்டிருந்த உடையும்தான். முகம் வாய் திறக்காது. உடை திறக்கும். கேட்கத் தெரிந்தவர்களிடம் நிறையவே பேசும்!

'ராணுவத்தில்தான் எல்லாவற்றுக்கும் ரெக்கார்டு இருக்குமே, பெயரைப் போட்டுத் தேடினால் போச்சு' என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தது. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டபோது, வால்வொர்த் பகுதியின் ஆர்ன்சைட் தெருவில் இருந்த ராணுவ ஆவணக் கிடங்கு பற்றி எரிந்தது. முதல் உலகப்போரில் சண்டை போட்ட சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் அதில் சாம்பல். தப்பியவற்றிலும் பல, ஓரம் கருகி, தண்ணீரில் ஊறி, தொட்டால் உதிரும் நிலையில்தான் கிடைத்தன. 'எரிந்த ஆவணங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர்.

மெடல் வாங்கியவர்களின் அட்டைகள் தப்பிவிட்டன. ஆனால், அவற்றில் 'டொனால்ட் மெக்லியோட்' என்று தேடிப் பாருங்கள். கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் ஏழெட்டுக் குலப்பெயர்களையும் ஏழெட்டு முன்பெயர்களையும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஓட்டியிருக்கிறார்கள். நம்மூரில் வெறும் 'செல்வம்' என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது? 'எந்த செல்வம்? அப்பா பேர் என்ன, எந்தத் தெரு?' என்று கேட்போம் இல்லையா? அங்கே அந்த இனிஷியல்தான் ரெஜிமென்ட். அது தெரிந்தால் ஆயிரம் மெக்லியோட்கள் முப்பது பேராகச் சுருங்குவார்கள். அது தெரியாவிட்டால் போட்டோ வெறும் போட்டோதான்.

ஆக, பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறானே என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்தப் பாவாடைதான் சாட்சி!

கில்ட்டுக்கும் ராணுவத்துக்கும் உள்ள பந்தம் விசித்திரமானது. 1746-ல் கலோடன் யுத்தத்தில் ஸ்காட்லாந்து மலைவாசிகளின் கலகத்தை நசுக்கிய கையோடு, பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு ஆண்கள் இனி கில்ட் கட்டக்கூடாது, டார்ட்டன் துணி போடக்கூடாது. மீறினால் ஜெயில். மறுபடி மாட்டினால் நாடுகடத்தல். ஒரே ஒரு விதிவிலக்கு: ராஜாவின் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் கட்டிக்கொள்ளலாம். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். தாத்தா கட்டிய துணியைக் கட்ட வேண்டுமானால், தாத்தாவைத் தோற்கடித்தவனுக்காகச் சண்டை போட வேண்டும். 1782-ல் சட்டம் விலக்கப்பட்டபோது கில்ட் கிட்டத்தட்ட ராணுவ யூனிஃபார்மாகவே ஆகியிருந்தது.

1881-ல் ராணுவத்தைச் சீரமைத்தபோது கில்ட் கட்டுகிற ரெஜிமென்ட்டுகள் ஐந்து என்று ஆயிற்று. பிளாக் வாட்ச், ஸீஃபோர்த் ஹைலேண்டர்ஸ், கார்டன் ஹைலேண்டர்ஸ், கேமரன் ஹைலேண்டர்ஸ், ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலேண்டர்ஸ். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்று இன்னொன்று உண்டு. பெயரில்தான் ஹைலேண்ட். பெரும்பாலும் கட்டம் போட்ட பேன்ட்தான் போட்டார்கள். 1947 வரை அப்படித்தான்.

சரி, இந்த ஐந்தில் நம் பையன் எதைச் சேர்ந்தவன்?

எல்லோரும் முதலில் பார்ப்பது துணியின் கட்டத்தை. நம் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் பார்த்தே இது இன்ன ஊர்த் தறி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி. கில்ட்டும் ஏறக்குறைய பின்கொசுவம்தான். முன்பக்கம் தட்டையாக இருக்கும். கொசுவமெல்லாம் பின்னால். பிளாக் வாட்ச் துணி கரும்பச்சையும் கருநீலமும் கலந்தது. அதே துணியில் மஞ்சள் கோடு ஓடினால் கார்டன். வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஓடினால் ஸீஃபோர்த். ஆர்கைல்காரர்களுடையது பிளாக் வாட்ச் துணியேதான், சாயம் கொஞ்சம் வெளிறியிருக்கும். கேமரன் துணி தனி ரகம், அதில் மஞ்சளும் சிவப்பும் உண்டு.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் போட்டோ கறுப்பு வெள்ளை!

அதுவும் சாதாரணக் கறுப்பு வெள்ளை இல்லை. அந்தக் காலத்து ஃபிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் சிவப்பு நிறமே தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்களே, ஏன்? சிவப்பு வெளிச்சம் அந்தத் தகட்டைத் தொடாது என்பதால்தான். அதனால் போட்டோவில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். நீலம் எதிர்பார்த்ததைவிட வெளுத்துப்போகும். இன்னும் பழைய தகடுகளுக்கு மஞ்சளும் பிடிபடாது. அதுவும் இருண்டுதான் விழும். விளைவு? கார்டன் ஹைலேண்டரின் மஞ்சள் கோடு இருட்டில் கரைந்துவிடும். போட்டோவில் அவன் அசல் பிளாக் வாட்ச் வீரனாக நிற்பான். 'எங்க கொள்ளுத்தாத்தா பிளாக் வாட்ச்' என்று குடும்பமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கார்டனாக இருக்கலாம். எந்தத் தகட்டிலும் ஏமாற்றாதது வெள்ளைக் கோடு ஒன்றுதான். கில்ட்டில் பளிச்சென்று வெள்ளைக் கோடு தெரிந்தால் ஸீஃபோர்த்தாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் துணியை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது கில்ட்டுக்கு முன்னால் தொங்குகிற பையை. கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்பிலிருந்து ஒரு பை தொங்கும். நம் பாட்டிகள் சுருக்குப்பை செருகிக்கொள்வார்களே, அதன் ராணுவ அண்ணன். பெயர் ஸ்பாரன். அணிவகுப்பு உடையில் இது நீள நீளமான முடி வைத்து, குஞ்சம் தொங்கவிட்டு அமர்க்களமாக இருக்கும். இந்தக் குஞ்சத்தில்தான் இருக்கிறது சூட்சுமம்.

வெள்ளை முடி, அதன்மேல் குட்டையாக ஐந்து கறுப்புக் குஞ்சம் என்றால் பிளாக் வாட்ச். கறுப்பு முடியில் நீளமாக இரண்டு வெள்ளைக் குஞ்சம் என்றால் சந்தேகமே வேண்டாம், கேமரன். கறுப்பு முடியில் ஆறு வெள்ளைக் குஞ்சம் என்றால் ஆர்கைல். நடக்கும்போது ஆறும் சேர்ந்து ஆடுவதால் 'ஆடும் ஆறு' என்றே அதற்குச் செல்லப்பெயர். (அந்த ரெஜிமென்ட்டின் ஆபீசர்களும் சார்ஜென்ட்டுகளும் பேட்ஜர் என்ற வளைக்கரடியின் தலையையே பையின் மூடியாக வைத்துக்கொண்டார்கள். ரசனை!) கறுப்பா வெள்ளையா, ஐந்தா இரண்டா ஆறா என்பதில் எந்தக் கேமராவும் பொய் சொல்ல முடியாது.

சிக்கல் ஒன்றே ஒன்று. ஸீஃபோர்த், கார்டன் இரண்டுமே வெள்ளை முடியில் நீளமான இரண்டு கறுப்புக் குஞ்சம். அப்போது பார்வையைக் காலுக்கு இறக்க வேண்டும். அணிவகுப்புக் காலுறை சதுரங்கப் பலகை மாதிரி இரண்டு நிறக் கட்டம். ஸீஃபோர்த்துக்குச் சிவப்பும் வெள்ளையும். கார்டனுக்குச் சிவப்பும் கறுப்பும். சிவப்பைக் கறுப்பாகக் காட்டும் அந்தப் பழைய ஃபிலிமின் குறையே இங்கே நமக்கு உதவிக்கு வருகிறது. ஸீஃபோர்த் காலுறையில் கட்டம் பளிச்சென்று தெரியும். கார்டன் காலுறையில் எல்லாம் ஒரே இருட்டு!

தொப்பியும் உதவும். கிளெங்காரி என்று படகு மாதிரி மடிந்த தொப்பி. அதன் அடியில் சுற்றிவரக் கட்டம் போட்ட பட்டை இருந்தால் ஸீஃபோர்த், கார்டன், ஆர்கைல் மூன்றில் ஒன்று. பட்டை இல்லாமல் வெறுமனே இருந்தால் பிளாக் வாட்ச் அல்லது கேமரன். தொப்பியில் குத்தியிருக்கும் வில்லை தெளிவாகத் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. ஸீஃபோர்த்துக்கும் கார்டனுக்கும் கலைமான் தலை. கார்டன் மானைச் சுற்றி இலைக்கொடி வளைந்திருக்கும், ஸீஃபோர்த் மானுக்கு அது இல்லை. கேமரனுக்கு, சாய்ந்த சிலுவையைப் பிடித்தபடி நிற்கும் புனித ஆண்ட்ரூ. பிளாக் வாட்ச்சுக்கு நட்சத்திரம். ஆர்கைலுக்குக் காட்டுப்பன்றித் தலையும் பூனையும் போட்ட பெரிய வட்டம். வில்லை மங்கலாக இருந்தால்கூட அந்த சைஸே காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் அமைதிக் காலத்து அலங்காரம். போர் வந்ததும் நிலைமை மாறியது. குஞ்சம், கட்டக் காலுறை எல்லாம் பெட்டிக்குள் போயின. தென்னாப்பிரிக்காவில் போயர்களுடன் சண்டை நடந்தபோது, கில்ட்டின் மேல் காக்கியில் ஒரு ஏப்ரன் கட்டச் சொன்னார்கள். முன்பக்கம் மட்டும் மறைக்கிற ஏப்ரன். 1899 டிசம்பர் 11-ம் தேதி மேகர்ஸ்ஃபோன்டைனில் ஹைலேண்ட் பிரிகேட் விடியற்காலையில் மாட்டிக்கொண்டது. தலையைத் தூக்கினால் குண்டு. நாள் முழுக்கக் குப்புறக் கிடந்தார்கள். ஆப்பிரிக்க வெயிலில் முழங்காலுக்குப் பின்பக்கம் வெந்து கொப்பளித்துப்போனது. தளபதி வாகோப்பும் அன்று செத்தார். முதல் உலகப்போரில் ஏப்ரன் இடுப்பைச் சுற்றிக் கட்டுவதாக மாறியிருந்தது. ஆகவே, முன்பக்கம் மட்டும் ஏப்ரன் என்றால் பெரும்பாலும் போயர் போர். முழுக்கச் சுற்றியிருந்தால் 1914-க்குப் பிறகு. ஆனால் முழுக்கச் சுற்றிவிட்டால் துணியின் கட்டமே தெரியாதே? தெரியாதுதான். அப்போது தொப்பி ஒன்றே கதி.

1915 வாக்கில் கிளெங்காரிக்குப் பதில் அகலமான வட்டத் தொப்பி வர ஆரம்பித்தது. அதில் வில்லையே இல்லாமல் ஒரு இறகுக் கொத்து மட்டும் செருகியிருந்தால் பிளாக் வாட்ச். அவர்களுடைய புகழ்பெற்ற சிவப்பு இறகு அது. போட்டோவில் வழக்கம்போல் கறுப்பாகத்தான் விழுந்திருக்கும்.

ஆள் யார் என்பது ஒருபுறம். எப்போது எடுத்த படம்? சட்டைக் கையைப் பாருங்கள். இடது முன்கையில் செங்குத்தாகச் சின்னதாக ஒரு கோடு இருந்தால், பையன் போரில் காயம்பட்டிருக்கிறான். அந்தக் கோடு 1916-ல்தான் வந்தது. இரண்டு கோடு என்றால் இரண்டு தடவை அடிபட்டும் உயிரோடு வந்து ஸ்டூடியோவில் நின்றிருக்கிறான். வலது முன்கையில் 'வி'யைக் கவிழ்த்த மாதிரி பட்டைகள் இருந்தால் 1918-க்கு முன்னால் எடுத்த படமாக இருக்கவே முடியாது. வெளிநாட்டில் போர்முனையில் எத்தனை காலம் இருந்தான் என்பதற்கான கணக்கு அது. சிலர் மீசையை வைத்துத் தேதி சொல்வார்கள். 1916 அக்டோபர் வரை பிரிட்டிஷ் சிப்பாய் மேலுதட்டைச் சிரைக்கக்கூடாது என்று விதியே இருந்தது உண்மைதான். ஆனால் பதினெட்டு வயசுப் பையனுக்கு மீசை முளைத்தால்தானே? எனக்கு இந்த மீசைக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

பின்பக்கம் காலி என்றேன். சில சமயம் ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் இருக்கும். அது புதையல். பெர்த் என்றால் பிளாக் வாட்ச்சின் தலைமை முகாம். அபர்டீன், கார்டன்காரர்கள் ஊர். இன்வர்னஸ், கேமரன். ஸ்டிர்லிங், ஆர்கைல். ஊர்ப்பெயர் பெட்ஃபோர்ட் என்றிருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது ஸ்காட்லாந்தே இல்லை, இங்கிலாந்து. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் ஹைலேண்ட் டிவிஷனை அங்கே கொண்டுபோய், ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். ஆயிரக்கணக்கான பையன்கள். பலர் முதல்முறையாகத் தங்கள் மலையையும் தீவையும் விட்டு வெளியே வந்தவர்கள். ஸ்டூடியோக்களுக்குக் கொண்டாட்டம். 'அம்மா, பார், எப்படி இருக்கேன்' என்று வாரா வாரம் தபாலில் போட்டோக்கள் பறந்தன. 1915 மே மாதத்துக்குள் டிவிஷன் பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டது.

எல்லோரும் கிளம்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பெட்ஃபோர்டில் தட்டம்மை பரவியது. நகரத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த கிராமங்களிலிருந்து வந்த இந்த வாலிபர்கள் அதை அதற்குமுன் சந்தித்ததே இல்லை. உடம்பில் எதிர்ப்பு இல்லை. ஜெர்மானியனைக் கண்ணால் பார்க்காமலேயே பலர் செத்தார்கள். பெட்ஃபோர்டின் ஃபாஸ்டர் ஹில் ரோடு கல்லறையில் கிடக்கிறார்கள். அந்த ஊர் முத்திரை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவன் போருக்குப் போனானா, போகவே இல்லையா என்பதை நிச்சயம் பண்ண, மறுபடி ரெஜிமென்ட்தான் தெரிய வேண்டும்.

தப்பான வழியில் இழுத்துப்போகும் படங்களும் ஏராளம். பைப் வாசிப்பவர்களுக்குப் பல ரெஜிமென்ட்டுகளில் உடையே வேறு. பிளாக் வாட்ச்சின் பைப்பர்கள் அந்தக் கரும்பச்சைத் துணியைக் கட்டாமல் ராயல் ஸ்டூவர்ட் என்ற சிவப்புக் கட்டம் கட்டுவார்கள். கனடாவிலிருந்து வந்த பட்டாலியன்கள் சிலவும் பிளாக் வாட்ச் துணியில் வந்து நின்றன. லண்டன் ஸ்காட்டிஷ்காரர்கள் கட்டமே இல்லாத ஒற்றைச் சாம்பல் நிறக் கில்ட். ஸ்டூடியோவே வாடகைக் கில்ட் வைத்திருந்து, ராணுவப் பக்கமே போகாதவர்களுக்குக் கட்டிவிட்டதும் உண்டு. தகட்டிலேயே நேரடியாகப் பதிவான மிகப் பழைய படங்களில் இடம் வலமாகிவிடும். கில்ட்டின் திறந்த ஓரம் கட்டியவருக்கு வலப்பக்கம் வர வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

கேமரா இந்தச் சிப்பாய்களை ரொம்ப ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. 1846 ஏப்ரலில் ஹில், ஆடம்ஸன் என்ற இருவர் எடின்பரோ கோட்டையில் 92-வது கார்டன் ஹைலேண்டர்களைப் படம் எடுத்தார்கள். ராணுவத்தைக் காட்டும் உலகின் ஆரம்பகாலப் படங்களில் அவையும் உண்டு. நம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780-ல் ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் படையைச் சிதறடித்தபோது, அதிலும் ஒரு ஹைலேண்ட் ரெஜிமென்ட்டின் வீரர்கள் இருந்தார்கள். அப்போது கேமரா பிறக்கவில்லை.

ஆனால் லக்னோவுக்கு வந்துவிட்டது. 1857 நவம்பர் 16-ம் தேதி, சிக்கந்தர் பாக் என்ற மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் 93-வது ஹைலேண்டர்களும் 4-வது பஞ்சாப் ரெஜிமென்ட்டும் புகுந்தன. உள்ளே இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட ஒருவர்கூடத் தப்பவில்லை. சில மாதம் கழித்து, 1858-ல், ஃபெலிஸ் பியாட்டோ என்ற போட்டோகிராஃபர் அங்கே வந்தார். இடிந்த மாளிகை, முற்றம் முழுக்க மண்டையோடும் எலும்பும். படத்துக்காகவே தோண்டிப் பரப்பியவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். படத்தின் தலைப்பு, கொன்றவர்களின் ரெஜிமென்ட்டை நம்பரோடு சொல்கிறது. செத்தவர்களுக்கு? '2,000 கலகக்காரர்கள்' என்று ஒரு மொத்தக் கணக்கு. அந்த 93-தான் 1881-ல் ஆர்கைல் ரெஜிமென்ட்டோடு சேர்ந்தது. அதே ஆறு வெள்ளைக் குஞ்சக்காரர்கள். அவர்களுடைய போட்டோக்களை உட்கார்ந்து பெயர் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. சிக்கந்தர் பாக் எலும்புகளுக்கு எண்ணிப் பார்க்க ஒரு குஞ்சம்கூட இல்லை.

பிரிட்டிஷ் பக்கத்திலும் பெயர் தொலைந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1915 செப்டம்பர் 25-ம் தேதி பிரான்ஸில் லூஸ் என்ற இடத்தில் தொடங்கிய தாக்குதலில் ஸ்காட்லாந்து பட்டாலியன்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. அங்கே உள்ள நினைவுச் சுவரில், கல்லறை தெரியாதவர்கள் என்று 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பக்கத்து மயானங்களிலோ, பெயர் இல்லாத கல்லறைகள். எலும்போடு கிடந்த ஒரு பித்தளை வில்லையையோ கில்ட் துணியின் கிழிசலையோ வைத்து 'கேமரன் ஹைலேண்டர்ஸ் வீரர் ஒருவர்' என்று மட்டும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கீழே, கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் ஒரு வரி. கிப்ளிங் தேர்ந்து கொடுத்தது. அவருடைய மகனும் அதே லூஸில் காணாமல் போனவன்தான். ஒரு பக்கம் ரெஜிமென்ட் இருக்கிறது, பெயரும் முகமும் இல்லை. இன்னொரு பக்கம், சுவரில் பெயரும் ரெஜிமென்ட்டும் இருக்கின்றன, முகம் இல்லை. மூன்றாவதாக, பரணில் முகம் மட்டும் இருக்கிறது. குஞ்சம் எண்ணுகிறவர்கள் முடிச்சுப் போடப் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

1939-ல் போர்முனைக்குக் கில்ட் வேண்டாம் என்று ராணுவம் முடிவு செய்தது. கேமரன் பட்டாலியன் ஒன்று மட்டும் அடம்பிடித்து 1940-ல் பிரான்ஸில் கட்டிக்கொண்டு திரிந்தது. பிறகு ரெஜிமென்ட்டுகளே ஒவ்வொன்றாகக் கரைந்தன. 1961-ல் ஸீஃபோர்த்தும் கேமரனும் ஒன்றாயின. 1994-ல் கார்டனும் அதில் சேர்ந்தது. 2006 மார்ச் 28-ம் தேதி எல்லாவற்றையும் 'ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே துணி. பட்டாலியனுக்கு பட்டாலியன் வித்தியாசம் காட்ட, தொப்பி இறகின் நிறம்தான். பிளாக் வாட்ச்சுக்குச் சிவப்பு, ஹைலேண்டர்ஸுக்கு நீலம், ஆர்கைலுக்குப் பச்சை.

நல்லவேளை, இப்போது எடுப்பதெல்லாம் கலர் போட்டோ.